என் கணையத்தில் பாதியை மகனுக்குக் கொடுக்க முடியுமா?

குலசேகரத்து அம்மா கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மகனுக்கு இப்போது 11 வயது. 9 வயதில் டைப் 1 சுகர் வந்தது.

அது ஆடி மாதம். மழையில் வெட்டு இல்லாமல் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். பிள்ளை ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பான், அப்புறம் பாயை நனைத்துவிடுவான். போன வருஷத்து யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, வாயில் பழுத்து அழுகின பழ வாசனை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சேர்த்தபோது சுகர் 512. அங்கேதான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு நாளைக்கு நாலு ஊசி. ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விரலைக் குத்திப் பார்க்கிறேன். போன வாரம் 48 காட்டியது. எழுப்பினால் கண்ணைத் திறக்கிறான், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தை என்னால் எழுத முடியாது.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

கல்லீரலில் ஒரு பகுதியை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுத்த அம்மாக்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதே மாதிரி என் கணையத்தில் பாதியை எடுத்து அவனுக்கு வைக்க முடியுமா? எனக்கு 36 வயது, ஒரு நோயும் இல்லை. நான் தயார்.

இரண்டாவது, இது யார் வழியில் வந்தது? என் அப்பாவுக்கு 55 வயதுக்கு மேல் சுகர் இருந்தது. அதனால் என் வீட்டு ரத்தம்தான் காரணம் என்று மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். 6 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

மூன்றாவது, மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஏற்றினால் ஊசியே வேண்டாம், ஆறு லட்சம் ஆகும் என்கிறார். எங்களிடம் இருப்பது 30 சென்ட் ரப்பர். விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பத்மநாபபுரம் தம்பி பதில்:

அக்கா, நிலத்தை விற்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நான் தக்கலைப் பக்கத்து ஆள். இப்போது கனடாவில் ஒரு ஆய்வகத்தில், இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன். கணையம் ஐஸ் பெட்டியில் வரும், பெரும்பாலும் நடு ராத்திரியில். ஒரு என்சைமை உள்ளே செலுத்தி, எஃகு குண்டுகள் போட்ட பாத்திரத்தில் வைத்துக் குலுக்கினால் திசு மெதுவாகக் கரைந்து திட்டுகள் விடுபடும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை மட்டும் சிவப்பாகத் தெரியும். முட்டத்துத் தேரி மண்ணைக் கண்ணாடியில் தூவினது மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட 100 கிராம் கணையத்தில் இந்தத் திட்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு கிராம்தான். பிரிக்கும்போது நிறைய வீணாகும். கல்லீரலுக்குப் போகிற போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக ஏற்றிய பிறகு முதல் சில நாட்களில் இன்னும் கொஞ்சம் சாகும். அதனால் ஒரு நோயாளிக்கு இரண்டு பேருடைய கணையம் தேவைப்படுவது சாதாரணம். பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு ராத்திரியும் தானம் கொடுத்தவரின் வீட்டாரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேட்டதைவிடப் பொருத்தமான தானம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லேண்ட் என்ற அறுவை மருத்துவர், ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் டைப் 1 இல்லாதவரின் கணையத்தில் பாதியை எடுத்து, டைப் 1 உள்ளவருக்கு வைத்தார். இருவருக்கும் ஜீன் ஒன்றே, அதனால் உடம்பு அதை வேற்றாளுடையது என்று தள்ளாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் தேவையில்லை என்று நினைத்தார்கள். கணையம் வேலை செய்தது, ஊசி நின்றது. சில வாரங்களில் சுகர் திரும்ப ஏறியது. ஊசியால் துளி திசுவை எடுத்துப் பார்த்தால், கணையத்தின் மற்ற பகுதியெல்லாம் நன்றாக இருக்கிறது, திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை மட்டும், எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி-செல்கள் தேடிப் பிடித்து அழித்திருக்கின்றன. 1984-ல் அவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான். டைப் 1 என்பது கணையம் தானாகக் கெட்டுப்போகிற நோய் இல்லை, அக்கா. உடம்பின் காவல் படை சொந்த வீட்டு ஆளைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது. அந்த நினைவு அழிவதில்லை. பல வருஷம் கழித்துப் புது பீட்டா செல் வந்தாலும் அடையாளம் கண்டு அடிக்கும். நீங்கள் உங்கள் பாதியைக் கொடுத்தால் உங்கள் மகனின் உடம்பு அதை இரண்டு விதத்தில் தாக்கும்: வேறு ஆளுடையது என்பதற்காக ஒரு முறை, பீட்டா செல் என்பதற்காக இன்னொரு முறை. அதைத் தடுக்க ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், தொற்று வரும், புற்றுநோய் அபாயம் கூடும். பாதி கணையம் போனால் உங்களுக்கே சுகர் வரவும் வாய்ப்பு உண்டு. பிறகு 2 மணி அலாரத்துக்கு எழுந்திருக்கப் போவது யார்?

இரண்டாவது கேள்விக்கும் அதே இரட்டையர்தான் பதில். ஜீன் முழுக்க ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. ஆறாவது குரோமோசோமில் ஹெச்.எல்.ஏ. என்று ஒரு ஜீன் கூட்டம் இருக்கிறது. எது தன்னுடையது, எது அந்நியம் என்று டி-செல்லுக்கு எடுத்துக் காட்டுவது அதுதான். பரம்பரையாக வரும் அபாயத்தில் ஏறக்குறைய பாதி அங்கேதான். ஆனால் பிள்ளைக்கு அதில் ஒரு பங்கு அம்மாவிடமிருந்தும் ஒரு பங்கு அப்பாவிடமிருந்தும் வருகிறது. அபாயமான வகை இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆயுளுக்கும் டைப் 1 வருவதில்லை. டைப் 1 வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் வீட்டில் வேறு யாருக்கும் அது இருப்பதும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு வயதான பிறகு வந்தது பெரும்பாலும் டைப் 2-ஆகத்தான் இருக்கும். அது வேறு நோய், வேறு காரணம். உங்கள் மாமியாருக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் அவரும் காரணம் தேடுகிறார் என்று நினைக்கிறேன், ஆனால் தேடுகிற இடம் தவறு.

மகளைப் பற்றி: மேலை நாட்டுக் கணக்கில், டைப் 1 உள்ள பிள்ளையின் கூடப்பிறந்தவர்களில் நூறில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. வராதவர்கள் தொண்ணூற்று நாலு பேர். இந்தத் தாக்குதலுக்கு அடையாளமான ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2 போன்ற ஆன்டிபாடிகளை ரத்தத்தில் பார்க்கலாம். இரண்டு வகை இருந்தால்தான் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று பொருள். அதோடு சுகரும் கொஞ்சம் மாறத் தொடங்கிய கட்டத்தில் நோயை நடுவாக இரண்டு வருஷம் தள்ளிப்போட டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. டைப் 1 வருவதைத் தாமதப்படுத்த அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

ஆறு லட்சம் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எலும்பு மஜ்ஜையை மாற்றிச் சரிசெய்யும் ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர, வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. ஆராய்ச்சியாகச் செய்யலாம், ஆனால் அனுமதி பெற்றுப் பதிவு செய்திருக்க வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. வீடு தேடி வந்து தவணை சொல்கிறவரிடம் பதிவு எண்ணை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அருமனைக்காரர் பதில்:

மக்களே, நானும் ஊசிக்காரன்தான். ஆனால் என் கதை வேறு, அதனால் எழுதுகிறேன்.

16 வயதில் வயிற்று வலி. சாப்பிட்டால் முதுகு வரை துளைக்கும், குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். 24 வயதில் சுகர். டைப் 1 என்று எழுதி ஊசி தொடங்கினார்கள். ஊசி தவறிப்போன நாட்களிலும் உங்கள் மகன் மாதிரி மூச்சு வாங்கியதில்லை. பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்புக்குக் குறுக்கே அரிசி தூவினது மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கற்கள். கணையத்துக்குள்!

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்றதால் வந்தது. எங்கள் அம்மா அதை அப்படியே நம்பினாள். மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்து வளர்த்தவள் அவள்தானே. சாகிற வரைக்கும் அடுப்படியில் மரச்சீனி வேகவில்லை.

ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் மரச்சீனியில் உள்ள சயனைடைத்தான் சந்தேகித்தார்கள். கேரளத்தில் இந்த நோயைப் பல காலம் ஆராய்ந்த டாக்டர் கீவர்கீஸ் அந்தக் கருத்தை எழுதியவர்களில் ஒருவர். பிறகு மரச்சீனியே தின்னாத ஊர்களிலும் இதே கல்லைப் பார்த்தார்கள். 2002 வாக்கில் இந்திய நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற ஜீனில் ஒரு மாற்றம் இருப்பது தெரிந்தது. கணையத்தின் செரிமான நீர் கணையத்தையே செரித்துவிடாமல் காக்கிற ஜீன் அது. இதை நான் தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை.

தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். என் உடம்பில் காவல் படைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லையே. அப்படியானால் என் மாதிரி ஆட்களுக்குத் திட்டு வைத்தால் நிற்குமா?

பத்மநாபபுரம் தம்பி பதில்:

அண்ணாச்சி, நல்ல கேள்வி. 2005-ல் ஜப்பானில் கியோட்டோவில் 56 வயது அம்மா ஒருவர் கணையத்தில் ஒரு பகுதியை மகளுக்குக் கொடுத்தார். மகளுக்கு 27 வயது, உங்களைப் போலவே கணையம் புண்ணாகிக் கெடும் கணைய அழற்சியால் சுகர் வந்தவர். திட்டுகளைப் பிரித்து ஏற்றி 22 நாளில் அவருக்கு ஊசி நின்றது. பீட்டா செல்லைத் தேடி அடிக்கும் பழைய பகை அவருக்கு இல்லை. ஆனாலும் வேறு ஆளுடைய செல் என்பதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டியிருந்தது.

வலி தாங்க முடியாத சிலருக்குக் கணையத்தை முழுக்க எடுத்து, அவர்களுடைய திட்டுகளையே பிரித்து அவர்கள் கல்லீரலில் ஏற்றுவதும் உண்டு. மின்னசோட்டாவில் 1977-ல் தொடங்கியது. சொந்தச் செல் என்பதால் அடக்கும் மருந்தே வேண்டாம். ஆனால் திட்டுகள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழி அடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2000-ல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழு ஸ்டீராய்டு இல்லாமல் ஏழு பேருக்குத் திட்டு ஏற்றி, ஏழு பேருக்கும் ஊசியை நிறுத்தியது. ஐந்து வருஷம் கழித்து, அங்கே சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒருவர்தான் முழுக்க ஊசி இல்லாமல் இருந்தார். ஆனால் மற்றவர்கள் பலருக்கு உயிரை வாங்கும் லோ சுகர் நின்றது. 2025-ல் ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் ஏற்றிக்கொண்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து ஊசி இல்லாமல் இருந்தார்கள். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் அடக்கும் மருந்து எடுக்கிறவர்கள். அதே வருஷம் ஸ்வீடனில் ஒருவருக்கு, காவல் படையின் கண்ணில் படாதபடி ஜீனைத் திருத்திய திட்டுகளை முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்தன. அளவு குறைவு, அவருக்கு ஊசி நிற்கவில்லை. ஆனால் உங்கள் மகனுக்குத் தேவையான வழி அதுதான் என்று நான் நம்புகிறேன். அவனுக்கு 11 வயது. அந்த வழி திறக்கும் வரை அவன் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நெய்யூர் சிஸ்டர் பதில்:

அம்மா, லோ ஆனால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கருப்பட்டியைக் கடிக்கக் கொடுத்தால் நேரம் ஆகும். 15 நிமிஷத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ராத்திரியில் அடிக்கடி லோ வந்தால் இரவு ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரிடம் நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

குலசேகரத்து அம்மா:

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதியதை மாமியாருக்கு வாசித்தேன். இரட்டையர் விஷயத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பேரனுக்கு ஊசி போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனை யூனிட் என்று முதல் தடவையாகக் கேட்டார்.

மார்த்தாண்டத்துக்காரரிடம் பதிவு எண் கேட்டோம். பிறகு கூப்பிடுகிறேன் என்றார். இதுவரை கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை ஆசாரிப்பள்ளம் போகிறோம், மகளையும் கூட்டிக்கொண்டு. ஆன்டிபாடி பார்க்க அவள் வெறும் வயிற்றில் வர வேண்டுமா? காலை 6 மணி பஸ், சின்னப் பிள்ளை பசி தாங்க மாட்டாள்.

நெய்யூர் சிஸ்டர்:

வேண்டாம். இட்லி கொடுத்தே கூட்டிக்கொண்டு போங்கள்.