சம்ப் தோண்டும்போது பழங்காசு கிடைச்சிருக்கு, வச்சுக்கலாமா?

குன்றத்தூர்வாசி:
வணக்கம். குன்றத்தூர் பக்கம் அப்பா பேர்ல இருக்கிற மனையில வீடு கட்டுறோம். போன வியாழக்கிழமை சம்ப்புக்குத் தோண்டினப்ப, நாலடி ஆழத்துல கடப்பாரை பட்டு ஒரு சின்ன மண்கலயம் உடைஞ்சது. உள்ளே களிமண்ணோட ஒட்டிப்போய் 23 செப்புக்காசு. ஒண்ணை மட்டும் புளி போட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம் நிக்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், பக்கத்துல நாகரி எழுத்து. ராஜராஜன் காசுதான்னு தோணுது.

பத்து வருஷமா காசு சேர்க்கிறவன் நான். கடையில வாங்கின இதே காசு என் ஆல்பத்துல நாலு இருக்கு. மேஸ்திரி, "வெளியில மூச்சு விடாதீங்க சார், ஆபீசர் வந்தா வேலை நின்னுடும்"ங்கிறார். சொந்த நிலம்தானே, வச்சுக்கலாமா? எங்கேயாவது பதிவு பண்ணணுமா?

ஆல்பம் தாத்தா:
முதல்ல அந்தப் புளியைத் தூக்கிப் போடுங்க தம்பி! பச்சைக் களிம்போட சேர்ந்து எழுத்தும் போயிடும். மீதி 22-ஐ மண்ணோட அப்படியே காகிதக் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் நிக்கும். கலய ஓட்டையும் எறிஞ்சிடாதீங்க.

சோழமண்டலம்:
காசுக்குப் பதிவெல்லாம் கிடையாது ப்ரோ. 1972 தொல்பொருள் சட்டத்துல கட்டாயப் பதிவு சிலை, ஓவியம், ஓவியம் உள்ள சுவடி மாதிரி ஐட்டத்துக்குத்தான். வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க. ஜாலியா வச்சுக்கோங்க.

பழைய தாலுகா ஆபீஸ்:
மேலே சொன்னது கடையில வாங்கின காசுக்குச் சரி, அந்த நாலுக்குப் பிரச்சினை இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்ததுக்கு வேற சட்டம்: 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். இன்னிக்கும் உயிரோட இருக்கு. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும். (அந்தக் காலத்துப் பத்து ரூபாய்! யாரும் மாத்தலை.) என்ன பொருள், எத்தனை, எந்த இடம், எந்தத் தேதி. பொருளைக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லேன்னா கேட்கும்போது கொண்டு வர்றேன்னு ஜாமீன் கொடுக்கணும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார், உரிமை கோர்றவங்க வரலாம். அதுக்கே நாலு மாசத்துக்குக் குறையாது. நூறு வருஷத்துக்கு மேல புதைஞ்சு கிடந்தது, உரிமையாளர் யாரும் இல்லைன்னு முடிவானா பங்கு பிரிப்பாங்க. வேற ஒப்பந்தம் இல்லேன்னா கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு வேணும்னு நினைச்சா உலோக மதிப்போட அதுல அஞ்சுல ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கலாம். எழும்பூர் மியூசியத்துல நீங்க பார்க்கிற செப்புத் திருமேனிகள்ல நிறைய இப்படிப் புதையலா வந்ததுதான்.

மறைச்சா பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ, ரெண்டுமோ. நிலத்துக்காரர் அதுக்கு உடந்தைன்னா ஆறு மாசம் வரை.

வேலை நிக்குமான்னு கேட்டீங்க. மனு கொடுத்தா கட்டடத்தை நிறுத்துன்னு இந்தச் சட்டத்துல எங்கேயும் இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்துலேர்ந்து 100 மீட்டருக்குள்ள மனை இருந்தா கட்டவே முடியாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும். அது காசு கிடைச்சாலும் கிடைக்காட்டியும் உள்ளதுதான். பல்லாவரத்துக்காரங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க.

குன்றத்தூர்வாசி:
நன்றி சார். அப்போ எனக்கு முக்கால், அப்பாவுக்குக் கால்?

பழைய தாலுகா ஆபீஸ்:
கடப்பாரையைப் பிடிச்சிருந்தது யாரு?

குன்றத்தூர்வாசி:
கூலிக்கு வந்த அண்ணன் ஒருத்தர். திருவண்ணாமலைப் பக்கம். அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். கையில 500 ரூபாய் கொடுத்தேன்.

பழைய தாலுகா ஆபீஸ்:
அப்போ கண்டெடுத்தவர் அவர். உங்க பேர் இந்த மனுவுல எங்கேயுமே வராது. 500 ரூபாய் பங்குத் தொகை ஆகாது, டீச்செலவுன்னு வச்சுக்குங்க. தெரிவிக்க வேண்டிய கடமையும் அவர் தலையிலதான். நீங்க ஆல்பத்துல வச்சுக்கிட்டா நாளைக்கு மாட்டுறது அந்த மனுஷன். அவரையும் உட்கார வச்சு, அவர் பேர்ல எழுதி, அப்பா நிலத்துக்காரரா கூட ஒரு கடிதம் வைக்கட்டும். 600069-னு சென்னை பின்கோடு போட்டாலும் நீங்க காஞ்சிபுரம் மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் அங்கே. நகல்ல சீல் வாங்காம திரும்பாதீங்க.

சோழமண்டலம்:
தப்பா சொல்லிட்டேன். சாரி ப்ரோ.

குன்றத்தூர்வாசி:
நேத்து சாயங்காலம் அந்த அண்ணனை உட்கார வச்சு மனுவைப் படிச்சுக் காட்டினேன். "23 செப்புக்காசு"ன்னு வந்ததும் நிறுத்தச் சொன்னார். எழுந்து போய் டிபன் கேரியர் மேல்தட்டைத் திறந்து, துணியில சுத்தின ஒண்ணை எடுத்துட்டு வந்து வச்சார். பொண்ணுக்குக் காட்ட எடுத்தாராம். புளி படாத காசு, எழுத்து என்னுதைவிடத் தெளிவா இருக்கு.

23-ஐ அடிச்சு 24-னு போட்டிருக்கேன் சார். அடிச்ச இடத்துல கையெழுத்து வேணுமா?

பழைய தாலுகா ஆபீஸ்:
அவர் கையெழுத்து. எண்ணை எழுத்தாலயும் எழுதுங்க.