பொங்கலுக்கு ஊருக்குப் போவது சரியா? அப்பா டயாலிசிஸில் இருக்கிறார்

ஒடுகத்தூர்_பையன் (2022 ஜனவரி 11)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம், அணைக்கட்டு தாலுகா. வேலை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், மெஷின் முன்னால் நின்று செய்கிற ஷிப்ட் வேலை, அதனால் வீட்டிலிருந்து செய்கிற பேச்சுக்கே இடமில்லை. 13ஆம் தேதி ஷிப்ட் முடிந்து கிளம்பி 17 காலையில் திரும்புவதாக லீவு வாங்கி வைத்திருக்கிறேன். 16 ஞாயிறு, முழு ஊரடங்கு, அன்றைக்குத் திரும்ப முடியாது.

அப்பாவுக்கு 63 வயது. கிட்னி இரண்டும் போய்விட்டது, வாரம் இரண்டு தடவை வேலூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். வீட்டில் அம்மா, தங்கச்சி, ஆயா. எல்லோருக்கும் கொரோனா ஊசி இரண்டும் போட்டாயிற்று. வீடு என்று பார்த்தால் ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் திண்ணை, அவ்வளவுதான். யாரும் தனியாகப் படுக்க வழியில்லை.

அப்பா நேற்று போன் செய்து, நீ வாடா, எனக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் எத்தனை பொங்கல் பார்க்கப் போகிறேன் என்கிறார். தங்கச்சி தனியாகப் போன் செய்து, வராதே அண்ணா என்கிறாள். சென்னையில் தொற்று எப்படி ஏறுகிறது என்று பார்க்கிறீர்கள், டிசம்பர் கடைசியில் மாநிலம் முழுக்கவே சில நூறாக இருந்தது, இப்போது தினமும் பத்தாயிரத்துக்கு மேல். என் ரூமில் ஒருத்தனுக்குப் போன வாரத்திலிருந்து இருமல். டெஸ்ட் எடு என்றால், பாசிட்டிவ் வந்தால் சம்பளம் போகும் என்று மறுக்கிறான். அவன் மேலும் கோபப்பட முடியவில்லை.

கோயில்களை 14 முதல் 18 வரை மூடச் சொல்லிவிட்டு பஸ்ஸை மட்டும் விடுகிறார்கள். சட்டப்படி நான் போவதில் தப்பில்லை. அப்பாவே கூப்பிடுகிறார். அப்படியிருந்தும் போவது தப்பா? ஜாக்கிரதையாக இரு என்று மட்டும் சொல்லாமல், உங்களுக்கு உண்மையில் எது சரி என்று படுகிறதோ அதைச் சொல்லுங்கள்.

---

சத்துவாச்சாரி_டெக்னீஷியன்

தம்பி, நான் வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். நேராகவே சொல்கிறேன், இந்தத் தடவை போகாதீர்கள்.

அப்பா சம்மதித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் உயிரைப் பற்றி முடிவு செய்ய அவருக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எங்கே போய் உட்காருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். டயாலிசிஸ் அறையில் மெஷினுக்கு மெஷின் நாலைந்து அடிதான் இருக்கும். ஒவ்வொருத்தரும் நாலு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், நடுவில் எழுந்து போக முடியாது. ஒருத்தருக்கு மூச்சு இரைக்கும், ஒருத்தருக்குக் குமட்டும், மாஸ்க்கை இறக்கிவிடுவார்கள். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் அதே படுக்கைக்கு வரும். தொற்று இருக்கும் என்ற பயத்தில் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது, இரண்டு மூன்று தடவை தவறினாலே உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறி உயிருக்கே ஆபத்து. அதனால் பாசிட்டிவ் ஆனாலும் அவர் வந்தே ஆக வேண்டும், அவருக்குத் தனி மெஷின், தனி நேரம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அதற்கு இன்னொருத்தர் நேரம் தள்ளிப்போகும். அப்பா உங்களுக்குச் சம்மதம் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரரை யார் கேட்டார்கள்?

இரண்டு ஊசி போட்டாலும் டயாலிசிஸ்காரர்களுக்கு எதிர்ப்பு சக்தி மற்றவர்களுக்கு வருகிற அளவு வருவதில்லை. 60 வயதுக்கு மேல் நோய் உள்ளவர்களுக்கு நேற்றிலிருந்து மூன்றாவதாக ஒரு முன்னெச்சரிக்கை ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்கு எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள்.

அப்புறம், வீட்டிலேயே குச்சி விட்டுப் பார்க்கிற கிட் வாங்கி, நெகட்டிவ் என்றால் கிளம்பலாமே என்று யாராவது சொல்வார்கள். 13ஆம் தேதி பஸ்ஸில் ஒட்டிக்கொண்டது 14ஆம் தேதி காலையில் கிட்டில் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தொண்டை கரகரக்கும், அதற்கு முந்தின நாளே அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். அதாவது நீங்கள் நல்லாத்தான் இருக்கிறேன் என்று நினைத்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த மாட்டுப் பொங்கல், ஞாயிறு, அந்த நாட்கள்தான் மோசமான நாட்கள்.

---

ஆற்காட்டுக்காரி

மேலே சொன்ன சார் சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் போகாதே என்று சொல்வது சுலபம், அதைத் தாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

2020 ஜூலை. நான் வேலூரில், அப்பா ஆற்காட்டில். ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம், காலையில் போய் மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம். 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தார்கள், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. அதுவரை ஒரே மாவட்டம். பிரிக்காமல் இருந்திருந்தால், மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போது கேட்ட அனுமதி, அந்த இ-பாஸ் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. அப்பா படுக்கையில் இருந்தபோது விண்ணப்பம் போட்டேன், மருத்துவச் சான்று சரியில்லை என்று திரும்பி வந்தது, மறுபடி போட்டேன், பதிலே இல்லை. அவர் போன பிறகு இறப்புக்கு என்று போட்டதும் உடனே பாஸ் வந்தது. உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கக் கிடைக்காத பாஸ்.

அதனால் பயணத்தை அவசியம், அநாவசியம் என்று கோடு கிழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொதிக்கிறது. மகன் அப்பாவைப் பார்ப்பது சுற்றுலா இல்லை. அந்தச் சமயத்தில் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போக வழி கண்டுபிடித்தவர்களை எல்லோருக்கும் தெரியும், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தம்பி, டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அப்பாவின் நிலைமை எப்படி, இன்னும் வருஷக்கணக்கில் ஓடுமா, இல்லை நாள் எண்ண வேண்டியதா? எண்ண வேண்டியது என்றால் யார் என்ன சொன்னாலும் போங்கள், ஆனால் கம்பெனியில் சண்டை போட்டாவது பதினைந்து நாள் லீவு வாங்கிக்கொண்டு போங்கள். டயாலிசிஸ் ஓடுகிறது, ஆள் தெம்பாக இருக்கிறார் என்றால், சார் சொல்வதைக் கேளுங்கள்.

---

கண்டக்டர்_வேலூர்

சென்னை-வேலூர் ரூட்டில் ஓடுகிற கண்டக்டர். பண்டிகை சமயத்தில் எங்கள் பக்கத்து வண்டியெல்லாம் பூந்தமல்லியிலிருந்து கிளம்பும். போன மாதம் திருவலத்தில் பாலம் விரிசல் விட்டு ரயில்கள் ரத்தானபோது வந்த கூட்டத்தைப் பார்த்தேன், பொங்கலுக்கு அதைவிட அதிகம் இருக்கும்.

75 சதவீதம்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. 13ஆம் தேதி ராத்திரி கைக்குழந்தையோடு ஒரு அம்மா படியில் கால் வைத்துவிட்டு நிற்கும்போது யாரை இறக்கிவிடுவது? இதெல்லாம் போக, மார்கழிப் பனி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் குளிர் ஏறும், ஒருத்தர் கண்ணாடியை இழுத்து மூடுவார், அதைப் பார்த்து அடுத்தவர் மூடுவார், வாலாஜா வருவதற்குள் வண்டி முழுக்க மூடியாகிவிடும். திறங்கள் என்றால் சண்டைக்கு வருகிறார்கள். உள்ளே யாராவது ஒருத்தர் இருமிக்கொண்டே இருப்பார். நான் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகக் குனிந்து டிக்கெட் கொடுக்க வேண்டும். எனக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார்கள் தம்பி, சர்க்கரை வியாதி.

பஸ் விடுகிறார்கள், அதனால் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் மே 22, 23 ஞாபகம் இருக்கிறதா, முழு ஊரடங்குக்கு முன்னால் இரண்டு நாள் கடையைத் திறந்து வெளியூர் பஸ்ஸும் விட்டார்கள். மாநிலத்தில் அப்போது தினமும் முப்பதாயிரத்துக்கு மேல் தொற்று. அன்றைக்கும் பஸ் ஓடியது. பஸ் ஓடுவது என்பது வேறு வழியில்லாதவர்களுக்காக. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், வேலை போய் வாடகை கொடுக்க முடியாமல் பாத்திரம் பண்டத்தோடு ஊருக்குத் திரும்புகிறவர், இவர்களுக்கு அந்த சீட் வேண்டும். பண்டிகைக்கு வருகிற ஒருத்தர் குறைந்தால் அந்த ஜன்னல் ஓரம் இவர்களுக்குக் கிடைக்கும், எனக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

---

காந்திரோடு_லாட்ஜ்

கண்டக்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் உள்ள தெருக்களில் ஒரு லாட்ஜில் பல வருஷமாக இருக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வங்காளம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாயிற்று, கையில் காசு தீர்ந்தது, ரயில் இல்லை. மாடியில் ஸ்டவ் வைத்து உருளைக்கிழங்கும் சோறும் ஆக்கிச் சாப்பிட்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கு சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போக முடிந்தது. அந்த நாட்களில் நம் ஊர்க்காரர்கள் சிலர் அவர்களைப் பார்த்து, இவர்களால்தான் நோய் வருகிறது என்று பேசியதைக் காதால் கேட்டேன். புற்றுநோயோடு இரண்டு நாள் ரயிலில் வந்தவரைப் பார்த்து.

அதே ஏப்ரல் கடைசியில் ஆந்திரா எல்லையில் சைனகுண்டாவிலும் பொன்னை பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினார்கள், பிறகு எதிர்ப்பு வந்து இடித்தார்கள். கோயம்பேட்டில் மூட்டை தூக்கினவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊருக்குத் திரும்பி அங்கே தொற்று ஏறியபோதும் அவர்களைத்தான் திட்டினோம். மார்க்கெட்டை மூடிவிட்டால் அவர்கள் எங்கே படுப்பார்கள், எதைச் சாப்பிடுவார்கள்?

என் எண்ணம் இது: நோய்க்காலத்தில் பயணம் செய்தவன் எல்லாம் குற்றவாளி இல்லை. போகாமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இரண்டையும் கேட்க வேண்டும். அந்த ஜார்க்கண்ட் நோயாளி வைத்தியத்துக்கு இங்கே வராமல் இருந்திருந்தால் செத்திருப்பார். தம்பி இப்போது போகாவிட்டால் மனசு வலிக்கும், பெரிய வலிதான், ஆனால் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போய் ஆற்றிக்கொள்ளலாம்.

---

ஒடுகத்தூர்_பையன்

அண்ணா, அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. உண்மையில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அப்பாவோடு டயாலிசிஸுக்கு வருகிற குடியாத்தம் பெரியவர் ஒருத்தரை எனக்கும் தெரியும், இருவரும் ஒரே நாளில் போவார்கள்.

ஒரு கேள்வி மட்டும். எங்கள் நிலத்தில் மோட்டார் கொட்டாய் இருக்கிறது, வீட்டிலிருந்து தள்ளி. வீட்டுக்குள் போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டு, மாட்டுக்குப் பொங்கல் வைக்கும்போது மட்டும் தூரத்தில் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால்? அப்பாவின் நிலைமை பற்றி தங்கச்சியை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், இப்போதைக்கு பயமில்லை என்றாராம். இரண்டாவது ஊசி போன ஜூன் கடைசியில் போட்டது.

---

சத்துவாச்சாரி_டெக்னீஷியன்

ஜூன் கடைசி என்றால் மார்ச் கடைசியில் ஒன்பது மாதம் முடியும். முன்னெச்சரிக்கை ஊசி போட்டு இரண்டு வாரம் விட்டுப் போனால் ஏப்ரல் நடுவில், தமிழ்ப் புத்தாண்டுக்கு. அதற்குள் இந்த அலையும் இறங்கினால் இன்னும் நல்லது. இப்போதே மேனேஜரிடம் சொல்லி லீவை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டார் கொட்டாய் யோசனை வெளியில் நிற்பதுவரை நல்லதுதான், காற்று ஓடுகிற இடத்தில் ஆபத்து குறைவு. ஆனால் மனுஷ மனசு, தம்பி. மூன்று மாதம் கழித்துப் பார்க்கிற அம்மா சோற்றைத் தட்டில் போட்டுத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாரா? ஆயா கையைப் பிடிக்காமல் விடுவாரா? காளை விடும் விழா என்று ஊர்ப் பையன்கள் கூப்பிட்டால் போகாமல் இருப்பீர்களா? எல்லாவற்றையும் அடக்கினாலும் பூந்தமல்லி பஸ் மிச்சம் இருக்கிறது. உங்கள் ரூமில் இருமுகிறவரோடு ஒரே அறையில் படுத்து எழுந்து அந்த பஸ்ஸில் ஏறுகிறீர்கள், அதை மறக்காதீர்கள். அவருக்கு முதலில் ஒரு கிட் வாங்கிக் கொடுங்கள், நீங்களும் பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் ஏழு நாள் தனிமை, சம்பளம் பற்றி நாலு பேர் சேர்ந்து கேட்டால் கம்பெனியில் வழி பிறக்கும்.

---

ஆற்காட்டுக்காரி

அப்பாவிடம் நீங்களே பேசுங்கள் தம்பி, தங்கச்சி மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், பழி அவள் மேல்தான் விழும். வரமாட்டேன் என்று சொல்லாமல், ஏப்ரலில் வருகிறேன், இந்தத் தேதிக்கு வருகிறேன் என்று தேதியோடு சொல்லுங்கள். பொங்கல் அன்றைக்கு வீடியோ காலை இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடாமல் பானை பொங்குகிறவரை ஓட விடுங்கள்.

---

ஒடுகத்தூர்_பையன்

பேசிவிட்டேன் அக்கா. முதலில் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் குடியாத்தம் பெரியவரைப் பற்றிச் சொன்னதும், ஆமாம், அவருக்குப் பேத்தி கல்யாணம் இருக்கிறது என்றார். லீவை ஏப்ரலுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு வேட்டி சட்டை, ஆயாவுக்கும் அம்மாவுக்கும் புடவை எடுத்து வைத்துவிட்டேன், 14க்குள் போய்ச் சேர வழி இருக்கிறதா?

---

கண்டக்டர்_வேலூர்

நாளைக்கே வேலூருக்கு பார்சல் சர்வீஸில் போடுங்கள், 13க்கு மேல் எடுக்க மாட்டார்கள். வேலூர் ஆபீஸில் தங்கச்சி பெயரும் போன் நம்பரும் எழுதிப் போடுங்கள், டயாலிசிஸுக்கு வருகிற நாளில் வாங்கிக்கொள்ளட்டும், அதற்கென்று தனியாக ஒரு தடவை டவுனுக்கு வர வேண்டாம்.