சீட்டுக்கு இப்பவே காசு கட்டணுமா, வெப் செக்இன் வரைக்கும் பொறுக்கலாமா?

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், அடுத்த மாசம் சென்னையிலேர்ந்து டெல்லிக்கு ஃப்ளைட்ல போறோம், நான், வீட்டுக்காரர், ஆறு வயசு பொண்ணு, கூட எங்கம்மா. டிக்கெட் போட்டாச்சு, சீட் மட்டும் இன்னும் எடுக்கல. நடு சீட்டுக்குக் கொஞ்சம் கம்மி, ஜன்னலுக்கும் நடைபாதைக்கும் ஜாஸ்தி, போக வர நாலு பேருக்கும் கட்டினா நல்ல தொகை ஆகுது. காசு கட்டாம தாண்டிப் போற பட்டன் ஓரமா சின்ன எழுத்துல இருக்கு, பாதிப் பேருக்கு அது கண்ணுலயே படாது.

குழந்தை விஷயத்துல பயமில்ல. 12 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு, அதே பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்ல) வர்ற அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் குடுக்கணும்னு விமான கம்பெனிகளைக் கண்காணிக்கற டிஜிசிஏ 2024 ஏப்ரல்லயே சொல்லிடுச்சு. என் கவலையெல்லாம் அம்மாதான். அவங்களுக்கு முட்டி வலி, சுகர் வேற, அடிக்கடி பாத்ரூம் போகணும், மூணு மூணு சீட்டா இருக்கற ஃப்ளைட்ல நடுவுலயோ ஜன்னலோரமோ மாட்டிக்கிட்டா ஒவ்வொரு தடவையும் ஒருத்தரையோ ரெண்டு பேரையோ எழுப்பிட்டு வரணும், அதுக்குக் கூச்சப்பட்டே தண்ணி குடிக்காம உக்காந்திருப்பாங்க. அவங்க டிக்கெட்டை அண்ணன் தனியா போட்டதால பிஎன்ஆரும் வேற.

வீல்சேர் கேட்டிருக்கோம். வீல்சேர் போட்டவங்களுக்குக் கவுன்ட்டர்ல கேட்டா நடைபாதை சீட் காசில்லாம குடுக்கறாங்களா? அம்மாவுக்கு மட்டும் இப்பவே காசு கட்டிட்டு நாங்க செக்இன்ல வர்றத எடுத்துக்கலாம்னு தோணுது. சமீபத்துல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க யாராவது சொல்லுங்களேன், ப்ளீஸ்.