பெயரை மறைத்துத் தரும் பட்டியல் யாருக்கு உதவும்?

வைகைக்கரை:
தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியதைப் பற்றிப் பேச வேண்டும். 2005-இல் வந்த பிரிவு என்ன சொன்னது? பொதுப்பணிக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தனிப்பட்ட தகவலை மறுக்கலாம்; பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை முழுவதுமாக நீக்கிவிட்டது. ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே மறுக்கலாம். 2025 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. என்னைக் கேட்டால், சட்டத்தின் உயிர்நாடியிலேயே கை வைத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
இந்தச் சட்டத்தில் வரும் மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலராகவும் நான் இருந்தவன் தம்பி. உடன் வேலை பார்த்த பெண் ஒருவரின் விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்று, வீட்டு முகவரி எல்லாம் கேட்டு ஒரே ஆள் அடுத்தடுத்து மனு போட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவும் பிரிவு 6(2) இடம் தராது. அந்தம்மா என் மேஜை முன் நின்று அழுததை மறக்க முடியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். சட்டம் அதற்கேற்ப மாறியதில் என்ன தவறு?

வைகைக்கரை:
அந்தச் சான்றைப் பழைய பிரிவை வைத்தே மறுத்திருக்கலாமே ஐயா? 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, அவருடைய சொத்து விவரம் இவற்றைக்கூடத் தனிப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
மறுத்தேன். ஆனால் அவர் மேல்முறையீடு போய், தகவல் ஆணையம் வரை என்னை இழுத்தார். நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விழுமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு தாளையும் எடைபோட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அப்புறம், பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் இன்றும் தரலாம்.

களத்துமேடு:
‘தரலாம்’ என்ற சொல்தான் இடிக்கிறது. 2014-இல் எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டை 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டேன். வந்த நகலில், வேலைக்கே வராதவர்கள் பெயர்களும், இரண்டு வருடம் முன்பே இறந்துபோன என் பெரியப்பா பெயரும் இருந்தன. அவர் பெயரில் கூலி போயிருக்கிறது. பெயர் இருந்ததால்தான் பிடிபட்டது. ‘42 பேர் வேலை செய்தார்கள்’ என்று மட்டும் பதில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு மக்கள் விசாரணை நடத்தியபோதும் இதையேதான் செய்தார்கள். ஊர் மக்கள் முன்னால் பெயர்களைச் சத்தமாகப் படித்தார்கள். இந்தச் சட்டத்துக்கான போராட்டம் வளர்ந்ததே அங்கிருந்துதான்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
உங்கள் பெரியப்பா விஷயம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4. அதை யாரும் தொடவில்லை. மனுவில் அதையும் 8(2)-ஐயும் குறிப்பிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மறைத்து மீதியைத் தர பிரிவு 10 இருக்கிறது. நான் பணியில் இருந்திருந்தால் அப்படித்தான் கொடுத்திருப்பேன்.

வைகைக்கரை:
நீங்கள் கொடுப்பீர்கள் ஐயா, நம்புகிறேன். ஆனால் முன்பு எந்தப் பொதுநலனும் இல்லை என்று பார்த்த பிறகே அலுவலர் மறுக்க முடியும். இப்போது ஒற்றை வரியில் மறுத்துவிடலாம். பொதுநலனைக் காட்டி மல்லுக்கட்டும் வேலை மனுதாரர் தலையில்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பொதுநலன் பற்றிய அந்த வரியை மட்டும் திரும்பச் சேர்க்கட்டும், எதிர்க்க மாட்டேன். முகவரியும் மருத்துவச் சான்றும் கேட்பவருக்குக் கதவைத் திறந்துவிடச் சொன்னால் மட்டும் இப்போதும் சம்மதிக்க மாட்டேன்.

களத்துமேடு:
அதை நாங்களும் கேட்கவில்லை ஐயா. கூலி வாங்கியவர் பெயரைத்தான் கேட்கிறோம்.