அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட பதக்கங்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். அப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தார். ஆனால் ஓய்வின்போது படையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கமும், 1972 சுதந்திர வெள்ளி விழாப் பதக்கமும் மட்டுமே பதிவாகியிருக்கின்றன. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார் பதக்கம் இல்லை. சரி, சங்ராம் மெடலாவது இருக்க வேண்டாமா? அது எந்த முனை என்று பார்க்காமல் பரவலாகக் கொடுத்தது.

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதினால், பதக்கம் அறிவித்த பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பணிப் பதிவில் சேர்ப்பதற்காக யூனிட் வெளியிடும் உத்தரவு) எண்ணைக் கேட்கிறார்கள். அது அவர்களிடம்தானே இருக்க வேண்டும்? எந்தச் சிப்பாய் அதை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்!

பென்ஷனில் இதனால் ஒரு ரூபாய்கூட ஏறாது, தெரியும். ரெஜிமெண்ட் கூடுகைக்குப் போகும்போது கோட்டில் குத்திக்கொள்ள வேண்டும் என்கிறார், அவ்வளவுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஷீட் ரோல் (வீரரின் பணிப் பதிவேடு) நகல் வாங்கியவர்கள் யாராவது உண்டா? அதில் போர்க்காலப் பணியிட விவரம் தெளிவாக இருந்ததா? அப்பாவின் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். முன்னாள் படைவீரர் நல அலுவலகக் கடிதத்தை அங்கே வாங்குவதா, இங்கேயே வாங்கலாமா? அப்புறம், அதே யூனிட்டில் இருந்தவரின் சாட்சிக் கடிதம் எடுபடுமா?

சர்வீஸ் நம்பர், யூனிட் பெயரெல்லாம் பொதுவில் போடவில்லை. உதவ முடிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், தருகிறேன்.