லீவா, லீஃபா? ஒலி ஒத்த ஆங்கிலச் சொற்களால் நடந்தவை

ஹட்டன்:
அம்மாவின் லீவுக் கடிதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இங்கிலீஷ் தெரிந்த அண்ணன் ஒருவர் எழுதிக் கொடுத்தது. லீவ் என்று வர வேண்டிய இடத்தில் லீஃப் என்று எழுதியிருந்தார். ஆபிஸ் கிளாக்கர் அதைச் சத்தமாக வாசித்து, "கொழுந்து வேணும்னா மலைக்குப் போ, இங்க ஏன் வந்த?" என்றார். கொழுந்து நிறுக்க நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

நானுஓயா:
மச்சான் த்ரீவீல் ஓட்டுகிறார். ஸ்டேஷனில் இறங்கிய வெள்ளைக்காரர் நுவரெலியாவுக்கு எவ்வளவு என்று கேட்க, 1,500 என்றார். "ஃபெயார்" என்றார் அவர். நியாயமான விலைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மச்சானுக்கு அது வாடகை என்கிற ஃபெயாராகக் கேட்டிருக்கிறது. திரும்பக் கேட்கிறாராக்கும் என்று 1,300 என்றார். "வெரி ஃபெயார்!" உடனே 1,200. கடைசியில் அந்த மனுஷனே கையைக் காட்டி நிறுத்தி, முதலில் சொன்ன காசையே கொடுத்தார்.

பதுளை டீச்சர்:
ஹட்டன் தம்பி, லீவும் லீஃபும் ஒரே ஒலி இல்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். லீவில் கடைசிவரை அதிரும், லீஃபில் முடிவில் அதிர்வு நின்றுவிடும். ஆனால் லீஃபுக்குப் பன்மை லீவ்ஸ், அங்கேதான் குழப்பம். ஃபெயார் அப்படியல்ல. இரண்டும் அச்சு அசல் ஒரே ஒலி, காது உதவாது. எழுதும்போது வாடகை ஈயில் முடியும், நியாயம் ஆரில் முடியும். பிரின்சிபலும் அப்படித்தான். ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகள் அதிபருக்குக் கடிதம் எழுதும்போது, கொள்கை என்று பொருள்படும் பிரின்சிபலை முகவரியிலேயே போட்டுவிடுவார்கள். அதிபருக்கு ஏ-எல், கொள்கைக்கு எல்-ஈ. கடனின் முதல் தொகைக்கும் ஏ-எல்தான். அப்புறம் ஸ்டேஷனரி. காகிதம், பேனா என்றால் ஈ-ஆர்-வொய். பேப்பரிலும் ஈ-ஆர் இருக்கிறதே, அதை வைத்து நினைவில் கொள்ளுங்கள். அசையாமல் நிற்பதற்கு ஏ-ஆர்-வொய். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பழகுங்கள்.

மஸ்கெலியா:
டீச்சர், தம்பி உச்சரிப்பா கேட்டார்? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. தோட்டத்து ஆபிஸ் கம்பனியுடையது, சரி. இருந்தாலும் தமிழ் மட்டும் தெரிந்த ஓர் அம்மா லீவு கேட்க எதற்கு இங்கிலீஷ் கடிதம்? எங்கள் டிவிஷனில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்கிறார்கள்.