உட்கரு உள்ள செல், இல்லாத செல்: ஆய்வக உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பாக்டீரியாக்களில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை என்பதை மாணவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் உட்கருவுள்ள உயிரிகளின் உடலிலேயே அதை இழந்துவிட்ட செல்கள் உண்டு என்பதை நேரில் கண்டால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது. பாலூட்டிகளின் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது உட்கருவை வெளியேற்றிவிட்டு, மனிதரில் சுமார் 120 நாட்கள் ஹீமோகுளோபினைச் சுமந்து வாழ்கிறது. கோழியின் சிவப்பணுவிலோ உட்கரு இறுதிவரை நீடிக்கிறது. எனவே கறிக்கடையிலிருந்து ஆட்டு இரத்தமும் கோழி இரத்தமும் வாங்கி ஒப்பிட்டுக் காட்ட எண்ணியுள்ளேன் (மாணவர் விரலில் ஊசி குத்துவதை நான் விரும்பவில்லை).

ஆட்டின் சிவப்பணு மனிதருடையதில் ஏறக்குறைய பாதி அளவே என்பதால், 400 மடங்கு பெரிதாக்கும் எங்கள் நுண்ணோக்கியில் அது தெளிவாகத் தெரியுமா, கோழி இரத்தத்தில் உட்கருவை நிறமேற்றிக் காட்ட மெத்திலீன் நீலம் போதுமா அல்லது லீஷ்மன் சாயம்தான் வேண்டுமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்கவும். பூசணித் தண்டில் உணவைக் கடத்தும் உட்கருவற்ற சல்லடைக் குழாய்ச் செல்லையும், அதைப் பேணும் உட்கருவுள்ள துணைச் செல்லையும் பிரித்துக் காட்ட இயலுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இவற்றின் ஸ்லைடுகளை இரவல் தரக்கூடிய கல்லூரி ஆய்வகம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.